கவிழ்த்து வைத்த வாளி

"அந்தப் பந்து அவுட், கோச்."

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்த கோச் சபீனா வேனை விட்டு இன்னும் இறங்கவே இல்லை. அதற்குள் இந்துமதி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எந்தப் பந்துக்கா?"

குரு சிஷ்யையைவிட இரண்டு வயசு சின்னவள். அதனால் அக்கா.

"எந்தப் பந்தா? நல்லா இருக்கு கோச் கேள்வி."

சபீனாவுக்குப் பின்னால் பெனிட்டா இறங்கினாள். பத்தொன்பது வயசு. மூக்குத்தோல் வெயிலில் உரிந்திருந்தது. கையில் செம்மண் கோப்பை. மண்தரை டென்னிஸில் அதற்கு மேல் ஒரு கோப்பை கிடையாது.

இந்துமதி அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அதன் கைப்பிடி எங்கே வளையும் என்று அவளுக்குத் தெரியும். ஃபோனில் அத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். சபீனாவின் பயிற்சி முகாமிலிருந்து ஒருத்திதான் அந்தப் போட்டிக்குப் போகலாம். இந்துமதிக்கு முப்பத்தொன்று. அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. இரண்டு பேரையும் மோதவிட்டு, சபீனா உயர நாற்காலியில் உட்கார்ந்து நடுவராக இருந்தாள்.

கடைசிப் பந்து. இந்துமதி ஒரு பாயிண்ட் பின்னால். பெனிட்டா அடித்தது இந்துமதியின் கோட்டோரம் விழுந்தது. "உள்ள" என்றாள் சபீனா. ஆட்டம் முடிந்தது.

மண்தரையில் பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். இறங்கி வந்து பாருங்கள் என்று கேட்டால் நடுவர் பார்த்தே ஆகணும். இந்துமதி கேட்கவில்லை. ராக்கெட்டை வீசி எறிந்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். கோபம் ஆறி வந்தபோது அவர்கள் விமானத்துக்குக் கிளம்பியாச்சு.

தடம் மட்டும் இருந்தது. கோட்டுக்கு வெளியே. ஒரு விரல் வெளியே.

ஆட்டம் முடிந்ததும் பாய் இழுத்துத் தரையைச் சமமாக்கி, தண்ணீர் விடுவது முகாமின் வழக்கம். பாயோடு வந்தவர்களை அவள் துரத்திவிட்டாள். தடத்தின் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்தாள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

பெனிட்டாவின் ஆட்டங்களை அங்கிருந்துதான் ஃபோனில் பார்த்தாள். எதிரில் எவள் ஆடினாலும் அவள்தான் இந்துமதிக்குச் சொந்தக்காரி. வாயில் நுழையாத பேரையெல்லாம் மனப்பாடம் பண்ணி, "விடாத, அடிச்சு நொறுக்கு!" என்று கத்தினாள்.

ஒருத்தியும் நொறுக்கவில்லை.

"வாங்க, காட்டுறேன்."

சபீனா வந்தாள். வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நன்றாகப் பார்த்தாள்.

"அவுட்தான்க்கா. என் கண்ணு தப்பு."

பெனிட்டாவும் குனிந்து பார்த்தாள். "ஆமாக்கா. அவுட்டு."

இந்துமதி ஒத்திகை பார்த்து வைத்திருந்த சண்டையெல்லாம் வீண்.

"அப்போ அந்தக் கோப்பை?"

"பாயிண்ட் உங்களுது." சபீனா உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "நாற்பது நாற்பது. ரெண்டு பேரும் சமம், டியூஸ். சர்வீஸ் போடுங்க."

"டியூஸா?"

"அந்தப் பந்து அவுட்னா டியூஸ்தானேக்கா? அதுக்கப்புறம் பாதி ஆட்டம் மிச்சம் கெடக்கு."

இந்துமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, அந்த ஒரு பந்திலேயே அவள் மொத்த ஆட்டத்தையும் ஜெயித்து முடித்திருந்தாள்.

பெனிட்டா கோப்பையை வலைக்கம்பத்தின் அடியில் வைத்தாள். ஷூ லேஸை இறுக்கினாள்.

"ஜெயிச்சா எடுத்துக்கோங்கக்கா."

"திமிரப் பாரு."

"திமிரில்லக்கா. அவுட்னா அவுட்தானே?"

இதுதான் இந்துமதியின் வயிற்றைப் பற்றியெரிய வைத்தது. ஜெயிக்கவும் வருகிறது. நல்லவளாக இருக்கவும் வருகிறது. ரெண்டும் இவளுக்கேவா?

பந்தைத் தூக்கிப் போட்டாள். வயிற்றில் எரிந்ததையெல்லாம் சேர்த்து ஒரே அடி. பந்து எதிர்க்கட்டத்தின் மூலையில் விழுந்து பறந்தது. பெனிட்டாவின் ராக்கெட் வெறும் காற்றை வெட்டியது.

"உள்ள!" என்று கத்தினாள் இந்துமதி.

"எனக்குச் சரியாத் தெரியலக்கா," என்றாள் பெனிட்டா. " தடத்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

"காட்டுறேன் இரு."

வலையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். மூலையில் குனிந்தாள். மண்டி போட்டாள். கையால் தடவினாள்.

மூன்று வாரமாகத் தண்ணீர் காணாத தரை. மேல்மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போயிருந்தது. மிச்சம் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. பந்து விழுந்தாலும் தடம் பதியாது.

கோட்டுக்கு உள்ளேயும் ஒன்றுமில்லை. வெளியேயும் ஒன்றுமில்லை.

"என்னக்கா, உள்ளயா வெளியயா?" சபீனா மேலிருந்து கேட்டாள்.

இந்துமதி எழுந்து மைதானம் முழுக்கப் பார்த்தாள். வலைக்கு அந்தப் பக்கம், வாளி இருந்த இடத்தில், ஒரே ஒரு தடம் இருந்தது.

சபீனா இறங்கி வந்தாள். வாளியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"குழாய்ல தண்ணி வருதாக்கா?"

இந்துமதி வாங்கிக்கொண்டு போனாள். ரொப்பிக்கொண்டு வந்தாள்.

முதல் வாளியை, கோட்டுக்கு ஒரு விரல் வெளியே ஊற்றினாள்.