சகலை சொன்ன விலை

"நியாயமான விலைன்னா என்னம்மா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

வடிவம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதோட விலை?"

"மோட்டார் சைக்கிளோட விலை."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. வெளிச்சம் மறைக்கி."

ஆவுடையப்பன் தள்ளி நின்றார். இது ஏதோ உபதேசமாக இருக்குமோ என்று யோசித்தார். வெளிச்சத்தை மறைப்பது நான்தான் என்கிறாரோ? அப்படியெல்லாம் இல்லை. அவர் நிழல் நிஜமாகவே முறத்தின் மேல் விழுந்திருந்தது.

பாபநாசம் போகிற சாலையில், நடந்து போகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் சின்ன மடம் அது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் வடிவம்மா. ஆவுடையப்பனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தன்னை குரு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஊர் சொல்லிக்கொண்டது. மறுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆவுடையப்பனோ தன்னைத் தானே சீடனாக நியமித்துக்கொண்டவர். வாரம் தவறாமல் வந்து ஒரு சந்தேகம் கேட்பார். ஆன்மா, விதி, மறுபிறவி எல்லாம் கேட்டு முடித்தாயிற்று. எந்தப் பதிலும் அவருக்குப் புரிந்ததில்லை. அதனால் மரியாதை கூடிக்கொண்டே போயிற்று.

ஆனால் மோட்டார் சைக்கிள் விஷயம் அப்படியில்லை. இன்றைக்கே புரிந்தாக வேண்டும்.

"பழைய வண்டி ஆடி மாசமே மண்டையப் போட்டுட்டும்மா. புது வண்டிக்கு அம்பாசமுத்திரம், தென்காசி, திருநெல்வேலின்னு ஒரு ஷோரூம் பாக்கியில்ல. ஒருத்தனும் அந்த விலைக்குக் குடுக்க மாட்டேங்கான்."

"எந்த விலைக்கு?"

"என் சகலை சொன்ன விலைக்கு."

வடிவம்மா ஒரு கல்லை எடுத்துச் சுண்டி எறிந்தார்.

சகலை என்றால் சுப்புக்குட்டி. ஆவுடையப்பனின் மனைவி மாடத்திக்குத் தங்கை புருஷன். அதே மாடல், அதே கறுப்பு வண்டியைச் சித்திரையிலேயே எடுத்துவிட்டவர். ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், தான் எடுத்த விலையைச் சொன்னார். ஆவுடையப்பனுக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து அவர் வண்டி தேடவில்லை. அந்த விலையைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

"விலை கெடைக்கலன்னா என்ன? பஸ்ஸுல போங்க" என்றார் வடிவம்மா.

"நான் போவேம்மா. மாடத்தி எப்படிப் போவா?"

மாடத்தி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அந்த ஊருக்குப் பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. பழைய வண்டி போனதிலிருந்து சுப்புக்குட்டிதான் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகிறார்.

"காலையில வாசல்ல வந்து ஹாரன் அடிக்கான் அம்மா. ஒரு தடவ அடிச்சாப் போதாதா? தெருவே எந்திரிச்சு வந்து பாக்குற மாதிரி அடிக்கான். 'மதினி, ஏறுங்க! அண்ணாச்சி இன்னும் வண்டி எடுக்கலையா?'ன்னு சத்தமா ஒரு கேள்வி வேற."

ஆவுடையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காலாண்டு லீவு முடிஞ்சு நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கு. நாளைக்கும் அவன் ஹாரன் சத்தம் கேட்டுதுன்னா எனக்குக் குடும்பமே வேண்டாம்மா. இங்கயே வந்து உங்க காலடியில உக்காந்துருதேன்."

வடிவம்மா முறத்தைக் கீழே வைத்தார். சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க. போயி வண்டி எடுப்போம்."

பஸ்ஸில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க பாத்திரக் கடையில விலை குறைப்பீங்களா?"

"நம்ம கடையிலயா? 'கறார் விலை'ன்னு போர்டே மாட்டிருக்கேம்லா!"

"அது நியாயமான விலையா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டிய? நான் விக்கிற விலை நியாயந்தான். வாங்கும்போதுதான் சந்தேகமே வருது."

வடிவம்மா ஜன்னல் வழியே வயலைப் பார்த்தார். பதில் அங்கே இருக்குமோ என்று ஆவுடையப்பனும் எட்டிப் பார்த்தார். ஒரு கொக்கு நின்றது. அதுவும் பறந்துவிட்டது.

அம்பாசமுத்திரத்தில் இறங்கியதும் ஆவுடையப்பன் பூக்கடைக்கு ஓடினார். நல்ல கனமான கதம்ப மாலை ஒன்று, எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மாலை பையில் அடங்காமல் வெளியே தொங்கியது.

"இது எதுக்கு?"

"வண்டிக்குப் போடத்தான். ஒவ்வொரு ஷோரூமுக்கும் மாலையோடதாம்மா போனேன். விலை படிஞ்சா அந்த நல்ல நேரத்துலயே வெளிய எடுத்துரலாம்லா?"

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

ஷோரூம் வாசலில் ஓர் ஆடு நின்றது. வடிவம்மா பையிலிருந்து மாலையை உருவி அதன் முன்னால் போட்டார்.

"அம்மா!"

ஆடு சாமந்தியில் ஆரம்பித்தது. ஆவுடையப்பன் மாலையின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். ஆடும் விடவில்லை. உள்ளேயிருந்து கண்ணாடி வழியாக நாலு பேர் பார்ப்பது தெரிந்ததும் அவர்தான் விட்டார்.

வடிவம்மா முழுசாகத் தின்று முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இப்பம் போவலாம்."

மேனேஜர் ஜெபசிங் முகம் மலர எழுந்து வந்தார். ஆவுடையப்பனை அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதமாக மாலையோடு வந்து, பேரம் பேசி, வாடிய மாலையோடு திரும்பிப் போகிறவர்.

"வாங்க சார்! இன்னைக்கு முடிச்சிருவோமா?" என்றவர் பார்வை ஆவுடையப்பனின் கைகளுக்குப் போனது. "மாலை எங்க சார்?"

"ஆடு தின்னுட்டு."

ஜெபசிங்கின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் கண்ணில் காட்டாத கூல்டிரிங்க்ஸ் இரண்டு வந்தன.

விலை விவரம் அச்சடித்த தாள் மேஜைக்கு வந்தது. வடிவம்மா அதை வாங்கி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"அது ஹேண்ட்லிங் சார்ஜும்மா. லாரியிலேருந்து வண்டிய எறக்கி, தொடச்சி வைக்கிற செலவு."

விரல் நகரவில்லை.

"எல்லா ஷோரூம்லயும் வாங்குறதுதான்."

விரல் அங்கேயே இருந்தது.

பேச்சில்லாமல் இருப்பது ஆவுடையப்பனுக்கு ஆகாது. "சரி, அதுல பாதியாவது..." என்று ஆரம்பித்தார். மேஜைக்குக் கீழே வடிவம்மா அவர் காலை மிதித்தார். ஆவுடையப்பன் கூல்டிரிங்க்ஸைக் குடித்தார்.

"ஏசி ஓடுது, கரண்டு பில்லு..." என்று இழுத்த ஜெபசிங், தான் சொல்வது தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"அது எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ். சீட் கவர், முன்னால கம்பி, பின்னால சேலை மாட்டாம இருக்கத் தடுப்பு..."

விரல்.

"சீட் கவரு வேண்டாம்னா எடுத்துரலாம்."

விரல்.

"கம்பியும் வேண்டாம்."

விரல்.

"சேலைத் தடுப்பு... அது வண்டியோட நாங்க சும்மாவே குடுக்க வேண்டியதுதான்."

இதை ஏன் சொன்னோம் என்று ஜெபசிங்குக்கே தெரியவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் வரிக்கு விரல் வந்ததும், யாரும் கேட்காமலே, "வெளிய போட்டா இதவிடக் குறைவுதாம்மா" என்று சொல்லிவிட்டு அந்தத் தொகையைத் திருத்தினார். சாலை வரியில் விரல் நிற்கவே இல்லை. அரசாங்கத்திடம் மல்லுக்கட்ட வடிவம்மாவுக்கு விருப்பமில்லை போலும்.

கடைசியில் வண்டியின் விலைக்கே விரல் வந்து நின்றது.

"அம்மா, சத்தியமாச் சொல்லுதேன். இதுல எங்களுக்கு நிக்கிறது கொஞ்சந்தான். அதுலதான் அந்தா நிக்கிற பிள்ளையளுக்குச் சம்பளம் குடுக்கேன்."

வடிவம்மா அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். விரலை எடுத்துவிட்டார்.

"பணத்தக் கட்டுங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மூன்று மாதத்தில் அவர் கேட்ட எந்த விலையையும்விட இது குறைவு. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். மனிதர் முகம் தொங்கியே இருந்தது.

"அம்மா, சகலை சொன்ன விலை இன்னும் கீழ இருக்கு."

"எவ்வளவு சார் சொன்னாரு?" என்று ஜெபசிங் கேட்டார்.

ஆவுடையப்பன் சொன்னார்.

"அந்த விலைக்கு எங்களுக்கே வண்டி வராது சார்."

"அப்பம் என் சகலை எப்படி எடுத்தாரு?"

ஜெபசிங் மேல்கூரையைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு அவர் வேலையில் பதில் சொல்லும் வழக்கமில்லை.

ஆவுடையப்பன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வடிவம்மா எழவில்லை.

"வண்டிய எடுங்க. உங்க சகலை அந்த விலைக்கு எப்படி எடுத்தாருன்னு பொழுது அடையிறதுக்குள்ள தெரிஞ்சிரும்."

"யாரும்மா சொல்லுவா?"

"நீங்கதான்."

வழக்கம்போல ஆவுடையப்பனுக்குப் புரியவில்லை. வழக்கம்போல மரியாதை கூடியது. உட்கார்ந்து பணத்தைக் கட்டினார்.

சாயங்காலம் தற்காலிக நம்பர் ஒட்டி வண்டி வெளியே வந்தது. மாலை இல்லாவிட்டாலும் எலுமிச்சம்பழம் சக்கரத்தில் நசுங்கியது.

"ஏறுங்கம்மா, மடத்துல விட்டுருதேன்."

"நான் பஸ்ஸுல போறேன். நீங்க வீட்டுக்குப் போங்க. மாடத்தி பாத்துக்கிட்டிருப்பா."

ஆவுடையப்பன் தனியாகக் கிளம்பினார். புது வண்டியின் வாசனை, காற்று, காலுக்குக் கீழே ஒரு முனகல். மனசு லேசாக இருந்தது. சகலையைக்கூடக் கொஞ்ச தூரம் மறந்துவிட்டார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், முன்பின் தெரியாதவர், வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"புதுசா? எம்புட்டு ஆச்சு?"

ஆவுடையப்பன் பெருமையோடு உள்ளது உள்ளபடி சொன்னார்.

பெரியவர் 'ச்சு' கொட்டினார். "ஏமாந்துட்டியளே!"

பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போட்டவனும் கேட்டான். இவர் சொன்னதும் அவனும் அலுத்துக்கொண்டான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா சார்? நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கு."

தெருமுனை இஸ்திரிக்காரரும் விலையைக் கேட்டார். பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். அது இன்னும் மோசம்.

வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஆவுடையப்பனுக்கு அந்த வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மாடத்தி ஓடி வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு சீட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"நாளைக்கு நான் இதுலயா போறேன்?"

"இதுலதான்."

"நீங்கதான் கொண்டுபோய் விடுவியளா?"

"வேற யாரு விடுவா?"

அவள் முகத்தில் வந்த சிரிப்பை ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தச் சிரிப்பை ஒரு சகலைக்காக மூன்று மாதம் தள்ளிப் போட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஆரத்தி கரைக்க அவள் உள்ளே ஓடினாள். உள்ளே அவள் தங்கையின் குரலும் கேட்டது.

தங்கை வந்திருந்தால் தங்கை புருஷனும் வந்திருக்க வேண்டுமே.

வந்திருந்தார். சுப்புக்குட்டி வெற்றிலையை மென்றபடி வெளியே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டேங்கைத் தட்டினார். டயரை உதைத்தார். எதிர்வீட்டுக்காரர்களும் வந்து நின்றுகொண்டார்கள்.

"எம்புட்டுக்கு முடிச்சீரு சகலை?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். கட்டிய தொகை நாக்கு நுனிவரை வந்தது. நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

சகலை சொன்ன விலையில் ஆயிரம் ரூபாய் குறைத்து ஒரு விலையைச் சொன்னார்.

கொஞ்சமும் திக்காமல் வந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "ஹெல்மெட்டும் சும்மா குடுத்தான்" என்றும் ஒரு வார்த்தை தானாகச் சேர்ந்துகொண்டது.

எதிர்வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். சுப்புக்குட்டி மெல்வதை நிறுத்தினார்.

ஆவுடையப்பனும் நின்றார். 'நீங்கதான்' என்று வடிவம்மா சொன்னது ஞாபகம் வந்தது. சுப்புக்குட்டியின் முகத்தையே பார்த்தார். பிறகு பக்கத்தில் போய்க் கேட்டார்.

"ஏன் சகலை, நீரும் இப்படித்தான் எடுத்தீரா?"

சுப்புக்குட்டி அவசரமாக வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசும்வே. உம்ம கொழுந்தியா உள்ளதான் நிக்கா."