கூட்டில் விட்ட நாற்று

ஏரிக்கரைப் பனைமரத்தில் மஞ்சளி என்றொரு தூக்கணாங்குருவி இருந்தாள். ஆள் வைத்துக் கூடு பின்னி விற்பது அவள் தொழில்.

ஐப்பசியில் பெருவெள்ளம் வந்தது. காடே சேறாகிப் போனது. கூடு கேட்டு ஒரு குருவியும் வரவில்லை.

யானை ராஜா வீட்டுக்கு வீடு நிவாரணத் தானியம் கொடுத்தார். தொழில் நடத்துகிறவர்களுக்குக் கடனாகவும் அளந்தார். "வேலையாளை விரட்டாம சோறு போட்டா, கடனைத் திருப்பித் தர வேணாம்" என்றார். மஞ்சளியும் கடன் வாங்கினாள்; ஒருவரையும் விரட்டவில்லை. கடனும் தள்ளுபடியானது.

தை பிறந்தது. கூடு விற்பனை சூடு பிடித்தது. கூடவே வரி நேரமும் வந்தது. செலவு போக மிஞ்சும் சம்பாத்தியத்தில் ஆறில் ஒரு பங்கு ராஜாவுக்கு.

நரி பனையடியில் வந்து நின்றது.

"என்ன மஞ்சளி, ராஜா கொடுத்ததுக்கும் வரி உண்டாமே!"

"ஐயோ! சும்மா கொடுத்ததுக்குமா?"

"அதுக்குத்தான் பாதிக்குப் பாதி! மிச்சத் தானியத்தை ஒளிச்சு வை. கூட்டுக்குள்ள ஈரக் களிமண் அப்புவியே, அதுல திணிச்சிடு!"

மஞ்சளி பயந்துபோய் அப்படியே செய்தாள்.

சில நாள் கழித்து மஞ்சளி இரண்டு முட்டை இட்டாள். நரி மறுபடி வந்தது. "உன் முட்டை ரெண்டையும் கீழே தள்ளு. இல்லேன்னா வரி வாங்குற கரடிகிட்டச் சொல்லிடுவேன்!"

மஞ்சளி கூட்டுக்குள் புகுந்தாள். முட்டைகளை அணைத்தபடி யோசித்தாள். "தானியம் போனா போகட்டும். பிள்ளைங்களைக் கொடுக்க மாட்டேன்!" என்று நேரே கரடியிடம் பறந்தாள்.

கரடி வந்து அண்ணாந்து பார்த்தது. கூடு முழுக்கப் பச்சைப் பசேலென்று முளை! ஈரமண்ணில் தானியம் சும்மா கிடக்குமா?

"ஏம்மா, கூடு பின்றியா, நாத்து விடுறியா?"

மஞ்சளி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கரடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"அட பைத்தியமே! நிவாரணம் நீ சம்பாதிச்சதா? அதுக்கு வரியே கிடையாது. தள்ளுபடியான கடனுக்கும் ராஜா வரி வேணாம்னுட்டார். கூடு வித்ததுக்கு மட்டும் கொடு. ஆனா ஒண்ணு, அந்தக் கடன்ல வேலையாளுக்குப் போட்ட சோத்தை உன் செலவுன்னு கழிச்சுக்காதே. அது ராஜா போட்ட சோறு!"

"அவ்வளவுதானா மாமா?"

"அவ்வளவேதான்!"

மஞ்சளிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. புதருக்குள் காத்திருந்த நரி கரடியின் உறுமலைக் கேட்டு ஓட்டமெடுத்தது. முளைத்ததை வேலைக்காரக் குருவிகள் ஏரிக்கரையில் நட்டன. கதிர் தலை சாய்ந்தபோது, முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் அதில் ஊஞ்சலாடின.

வரி தொடாத தானியத்தையும் பயம் பாழாக்கிவிடும். சந்தேகம் வந்தால், பயமுறுத்துகிறவனை நம்பாமல் விவரம் தெரிந்தவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.