பூவாயி பறித்த காளான்

இடி இடித்த மறுநாள், பண்ணையார் அம்பலவாணரின் புல்தரையில் வேலைக்காரி பூவாயி தன் பிள்ளைகளின் சோற்றுக்காகக் காளான் பறித்தாள். "என் தரையில முளைச்சது என்னுது" என்று பிடுங்கிக்கொண்ட பண்ணையார், விருந்தாளிகளுக்கு அவளையே குழம்பு வைக்கச் சொன்னார்.

இலையில் சோறு விழுந்ததும் அவருக்குப் பயம் வந்தது.

"விஷக் காளானா இருந்துட்டா? முதல்ல நீ தின்னு காட்டு."

"ஐயாவோடதை நான் தின்னா திருட்டாயிடுமே, சாமி."

விருந்தாளிகள் சிரித்தார்கள். பண்ணையாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சட்டியோட உனக்கே குடுத்துட்டேன். தின்னு."

பூவாயி சட்டியை மூடி, முந்தானையால் பிடித்துத் தூக்கினாள்.

"நல்ல காளான்தான் சாமி. என் புள்ளைகளுக்குன்னு பறிச்சதாச்சே. அதுகளோட உக்காந்து தின்னுக்கிடுறேன்."

யாரும் தடுக்கவில்லை. மோர் ஊற்றச் சொன்ன பண்ணையார் இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை. விருந்தாளிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.