மனப்பாடம் செய்த குட்டி

ஒரு மலைக்காட்டில், குரங்குக் குட்டிகளுக்கென்று அத்திமரத்தடியில் ஒரு பள்ளி நடந்தது. அங்கே மரங்கொத்தி வைத்தியர் வரப்போவதாகச் செய்தி வந்தது. குட்டிகளின் மனத்தில் பயமோ கவலையோ உண்டா என்று விசாரிப்பாராம். அவர் வந்துபோன மறுநாள் குரங்குக் கூட்டம் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். மனம் திடமானவை என்று அவர் சொல்லும் குட்டிகள் தாங்களே தாவும். பயந்தவற்றைத் தாய்மார் சுமப்பார்கள்.

வடிவு என்ற மந்தி இதைக் கேட்டதும் தன் குட்டியைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்திலேயே தாவுவதில் கெட்டிக்காரி அவள்தான். அவள் குட்டி சிட்டானோ, ஒருமுறை கிளை முறிந்து விழுந்ததிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. கிளையைத் தொட்டாலே கை நடுங்கும். வெளியே தெரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

"பரீட்சைதானே! படித்துவிட்டால் போயிற்று" என்று முடிவு கட்டினாள். வைத்தியர் பக்கத்துக் காட்டில் கேட்ட மூன்று கேள்விகளையும் விசாரித்து வைத்துக்கொண்டு, சிட்டானுக்குப் பதில்களை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"முதல் கேள்விக்கு?"

"நன்றாகத் தூங்குகிறேன்."

"இரண்டாவதுக்கு?"

"வயிறாரச் சாப்பிடுகிறேன்."

"மூன்றாவதுக்கு?"

"எனக்குப் பயமே இல்லை."

"என் ராசா!" என்று கொஞ்சினாள். அவன் கை அப்போதும் நடுங்கியது. அவள் பார்க்காதவள் போல் இருந்துவிட்டாள்.

மரங்கொத்தி வந்தார். சிட்டானிடம் கேள்விகளை முன்பின்னாகக் கேட்டார்.

"தம்பி, கிளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா?"

"நன்றாகத் தூங்குகிறேன்!"

"சரி, தூக்கம் வருகிறதா?"

"வயிறாரச் சாப்பிடுகிறேன்!"

"பசி எடுக்கிறதா?"

"எனக்குப் பயமே இல்லை!"

குட்டிகள் கொல்லென்று சிரித்தன. தாய்மாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மந்தியின் முகம் இயல்பிலேயே சிவப்பு. அன்று இன்னும் சிவந்தது.

மரங்கொத்தி சிரிக்கவில்லை. "யார் கண்ணா சொல்லிக்கொடுத்தது?"

சிட்டான் அம்மாவைப் பார்த்தான். "யாரும் இல்லை. நானேதான்."

அந்தப் பொய்தான் வடிவைச் சுட்டது. கூனிக்குறுகி முன்னே வந்தாள்.

"நான்தான் ஐயா. தாவினால் விழுந்துவிடுவான் என்று தெரியும். தெரிந்தும், என் பெயர் கெடக் கூடாதென்று பொய் சொல்லப் பழக்கினேன்."

"அவனைச் சுமந்து போங்கள் அம்மா. திரும்பியதும் என்னிடம் கூட்டி வாருங்கள். மெல்லச் சரியாகும்" என்றார் மரங்கொத்தி.

மறுநாள் கூட்டமே பார்க்க, வடிவு அவனை மார்போடு அணைத்துப் பள்ளத்தைத் தாண்டினாள். மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் சிட்டான் அவள் காதருகே கேட்டான்: "அம்மா, நான் தோற்றுவிட்டேனா?"

வடிவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீதி: பிள்ளைக்குப் பயம் இருப்பது அவமானமில்லை, அதை மறைக்கப் பழக்குவதே அவமானம்.