கல் வைக்காத சீஸ்

மாடும் எலியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், டென்மார்க் தேசத்தில் சீஸ் என்றாலே பாறைதான். பாலைத் திரியவைத்து, திரளை அச்சில் கொட்டி, மேலே பெரிய கல்லை ஏற்றி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்துவிடுவார்கள். எந்த வீட்டுக் கல் பெரிதோ அந்த வீட்டுக்குத்தான் ஊரில் மரியாதை. சாப்பிடுவதற்குக் கோடாரி வேண்டும். பல் போனவர்கள் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். இதில் பெருமை வேறு!

குன்றின் மேல் ஹவார்ட்டி என்றொரு பண்ணை வீடு. அங்கே இங்கர், அவள் புருஷன் மாட்ஸ், மூன்று பசுக்கள். மூத்த பசு டாக்ரோஸ், ஏழு கன்று ஈன்றவள். அந்தக் கோடையில் மழை பொய்த்து, குன்றில் புல்லெல்லாம் கருகிப்போனது.

"குளிர்காலத்துக்குச் சேர்த்த காய்ந்த புல்லு ரெண்டு மாட்டுக்குத்தான் காணும்," என்றான் மாட்ஸ். "சந்தையில நம்ம சீஸுக்கு யாராவது புல்லு மாத்திக் குடுத்தா சரி. இல்லேன்னா டாக்ரோஸைக் கசாப்புக்காரன்கிட்டதான் விடணும்."

 மறுநாள் இங்கர் டாக்ரோஸின் பால் முழுவதையும் ஒரே அண்டாவில் திரியவைத்தாள். மற்ற இரண்டு பசுக்களின் மடியும் வறட்சியில் வற்றிவிட்டது; இனி அடுத்த கன்று ஈனும்வரை டாக்ரோஸின் மடியிலும் பால் சுரக்காது. இது ஒன்றுதான் வாய்ப்பு. திரளை வெட்டிவிட்டு, மூலையில் கிடந்த கல்லை உருட்டக் குனிந்தாள்.

"அம்மா, தொடாதீங்க!" என்று ஒரு கீச்சுக் குரல்.

கல்லுக்கு அடியில் இருந்த பள்ளத்தில் ஓர் எலி. அவளை ஒட்டிக்கொண்டு ஐந்து குஞ்சுகள், இன்னும் கண் திறக்கவில்லை.

"கல்லு உருண்டா என் பிள்ளைங்க நசுங்கிடும்மா. கவ்விக்கிட்டுப் போலாம்னா வாசல்ல பூனை உட்கார்ந்திருக்கு. பத்து நாள் பொறுங்க."

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இவளுக்குப் போயும் போயும் சீஸ் கல்லுக்கு அடியிலா இடம் கிடைத்தது! பத்து நாள் பொறுத்தால் திரள் புளித்து நாறிவிடும். வேறு கல் கேட்கலாம் என்றாலோ, அந்த ஊரில் சோறு இரவல் கொடுத்தாலும் கொடுப்பார்கள், வீட்டுக் கல்லைக் கொடுக்கவே மாட்டார்கள். இங்கர் தொழுவத்துக்கு ஓடினாள். உயிர் யாருடையதோ, அவளைத்தானே கேட்க வேண்டும்?

டாக்ரோஸ் அசைபோட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"எத்தனை குஞ்சு?"

"அஞ்சு."

"நானும் ஏழு பெத்தவடி, இங்கர். கல்லை விட்டுடு. கை இருக்கில்ல உனக்கு?"

இங்கர் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். திரளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தாள். உதிர்த்து, உப்புப் போட்டு, அச்சில் நிரப்பி, உள்ளங்கையால் மட்டும் அமுக்கினாள். குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கும் அளவுக்குத்தான் அழுத்தம்.

மாட்ஸ் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "எலிக்காக மாட்டைக் கொல்லப் போறியா?"

"டாக்ரோஸ் சொன்னதைத்தான் செஞ்சிருக்கேன்," என்றாள் இங்கர்.

எலி மட்டும் வெளியே தலை நீட்டி, "எங்க ஜாதிப் பல்லு இதுமேல படாதும்மா," என்று வாக்குக் கொடுத்தாள். எலியின் வாக்கை நம்பலாமா என்று கேட்காதீர்கள். மூன்று மாதம் அந்த சீஸ் பலகையில் கிடந்தது. இங்கர் தினமும் அதைப் புரட்டிவிட்டாள். ஒரு பல் தடம்கூட விழவில்லை.

சந்தை நாள் வந்தது. இங்கர் சீஸை வெட்டியதும் ஊரே சிரித்தது. கல் அழுத்தாததால் உள்ளே முழுக்கப் பொடிப்பொடித் துளைகள்.

"என்ன இங்கர், வீட்டுல கல்லு இல்லையா? எலி தின்னது போக மிச்சமா?"

இங்கர் தலை நிமிரவில்லை. கசாப்புக்காரன் வண்டி எதிரிலேயே நின்றது. அப்போது நீல்ஸ் கிழவர் வந்தார். தாழ்நிலத்துக்காரர், களஞ்சியம் நிறையப் புல், வாயில் ஒரு பல்கூட இல்லை. பத்து வருஷமாகச் சந்தைக்கு வந்து சீஸைப் பார்த்துவிட்டு மட்டும் போகிறவர். ஒரு துண்டை எடுத்து ஈறால் அழுத்தினார். அது இசைந்து கொடுத்தது. வெண்ணெய் மணம், லேசான இனிப்பு, கடைசியில் ஒரு துளி புளிப்பு.

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலு வண்டி புல்லு அனுப்புறேன். அடுத்த வருஷமும் இதையேதான் செய்யணும். இதுக்குப் பேரு என்ன?"

இங்கர் யோசித்தாள். தன் பெயரைச் சொல்லலாம். பால் டாக்ரோஸுடையது. காவல் எலியுடையது. எல்லோரும் இருப்பது ஒரே கூரையின் கீழ்.

"எங்க வீட்டுப் பேரையே சொல்லுங்க. ஹவார்ட்டி."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஹவார்ட்டித் தொழுவத்தில் மூன்று மாடுகள் அசைபோட்டன. வசந்தத்தில் டாக்ரோஸ் எட்டாவது கன்றை ஈன்றாள்.

அன்று முதல்தான் ஹவார்ட்டி சீஸ் பல்லில்லாதவர்களுக்கும் இசைந்து கொடுக்கிறது, ஒரு வீட்டின் பெயரையே தன் பெயராகச் சுமக்கிறது. வெட்டிப் பார்த்தால் தெரியும் பொடித் துளைகளை எலி கடித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை ஐந்து குஞ்சுகள் மூச்சுவிட, டாக்ரோஸ் விட்டுக்கொடுத்த இடம்.