நெட்டு மிச்சம் பிடித்து அய்யாக்கண்ணு பெண் பார்த்த கதை

சுண்டங்காட்டுப் பந்திக் கோஷ்டி பரிமாறிய கல்யாணத்தில் நீங்கள் சாப்பிட்டதில்லை என்றால் உங்கள் சட்டை பிழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி அவர்களைப் போல நல்ல மனசுக்காரர்களைப் பார்க்க முடியாது. சோற்றுக்குக் கோட்டைச்சாமி, கூட்டு பொரியலுக்குப் பிச்சைமணி, சாம்பாருக்கு அய்யாக்கண்ணு, பாயசத்துக்கு உத்தண்டி. பாயசம் கடைசியில்தான் போகும் என்பதால் உத்தண்டிக்கு நின்று யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். அதனால் அவர்தான் தலைவர்.

சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள் என்று அவர்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் பேர். ஒரு கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை விழுந்து விழுந்து கவனிங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். கோட்டைச்சாமி சோற்றுக் கூடையோடு பந்தி நெடுக விழுந்தான். மாப்பிள்ளையின் தாய்மாமனுடைய இலைக்கு வந்தபோது அவன் களைத்துப்போயிருந்தான். ஆனாலும் மரியாதை குறையக்கூடாதே என்று அங்கே கொஞ்சம் ஓடிவந்து விழுந்தான்.

நம் கதை அய்யாக்கண்ணுவைப் பற்றியது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் வாளி தூக்கித் தூக்கி வலது தோள் கொஞ்சம் இறங்கியே போய்விட்டது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சாம்பார் ஊற்றும்போதெல்லாம் கரண்டியை ஒரு நொடி பிடித்துக்கொண்டு நிற்பார். பொறாமை இல்லை, ஏக்கம்தான். நமக்கும் ஒருத்தர் இப்படிக் குனிந்து ஊற்ற மாட்டாரா என்று நினைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்குத் திருப்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் மரகதம். பனியன் கம்பெனியில் வேலை. அண்ணன் சௌந்தரபாண்டிதான் அவளுக்கு எல்லாம். அவர் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை காலையில வீடியோ கால்ல வர்றோம், முகத்தைப் பாத்துப் பேசி முடிச்சிருவோம். அன்னைக்கு விட்டா தங்கச்சிக்கு லீவு கெடையாது. தேனிப் பக்கம் இன்னொரு இடமும் கேட்டுக்கிட்டு இருக்காக" என்று சொல்லிவிட்டார்.

அய்யாக்கண்ணுவிடம் இருந்தது பட்டன் போன். அதில் பேசலாமே தவிர முகம் தெரியாது. சனிக்கிழமை காலையில் நான்கு பேரும் டவுனுக்குப் போய், மடக்கும் உறை போட்ட பழைய ஸ்மார்ட் போன் ஒன்றை வாங்கினார்கள். கடைக்காரர் அய்யாக்கண்ணுவின் சிம்மை அதில் போட்டு, எல்லாவற்றையும் தமிழில் மாற்றிக் கொடுத்தார்.

"நாளை வரைக்கும் உள்ள நெட்டு இதுல கெடக்கு. பாத்துச் செலவு பண்ணுங்க. ஏதாச்சும் சந்தேகம் வந்தா போன்லயே எழுதி வரும். அது என்ன சொல்லுதோ அதுபடி செய்யுங்க" என்றார்.

சொன்னபடி செய்வதில் அவர்களை மிஞ்ச ஆள் ஏது? சந்தோஷமாகத் திரும்பினார்கள்.

அய்யாக்கண்ணுவின் வீட்டில் போனை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்ததும் அது 'டிங்' என்றது. பிச்சைமணி எழுத்துக்கூட்டிப் படித்தான். "மொபைல் டேட்டா பாதி தீர்ந்துவிட்டது. அமைப்புகளை மாற்ற வேண்டுமா? இப்போது. பிறகு."

வாங்கி வைத்ததை அதற்குள் மாற்றுவதாவது என்று 'பிறகு' என்பதைத் தொட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டிங்'. அதே கேள்வி. மறுபடி 'பிறகு'. மறுபடி 'டிங்'.

கோட்டைச்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னண்ணே இது, சொல்லச் சொல்ல வருது?"

உத்தண்டி நிதானமாகச் சொன்னார். "அது மேல என்னடா தப்பு? பந்தியில ஒருத்தர் 'பொறவு வாங்க'ன்னா நாம என்ன செய்வோம்? ஒரு சுத்துப் போயிட்டுத் திரும்ப வந்து கேக்க மாட்டோமா? இதுவும் நம்ம தொழில்தான்டா பாக்குது."

எல்லோருக்கும் போன் மேல் ஒரு மதிப்பே வந்துவிட்டது. இருந்தாலும் நிறுத்தியாக வேண்டுமே. பந்தியில் போதும் என்றால் இலைக்கு மேல் கையை மறித்துக் காட்டுவார்கள். அய்யாக்கண்ணு போனுக்கு மேல் இரண்டு கையையும் மறித்துப் பிடித்தார். 'டிங்'.

"கையை மறிச்சா ஒரு கரண்டியாவது ஊத்திட்டுத்தான் போவோம். அதான் மொறை. இலையை மூடுனாத்தான் போவோம்" என்றான் பிச்சைமணி.

ஆக, உறையை மூடுவது என்று முடிவானது. அய்யாக்கண்ணு மூடப்போன கையை உத்தண்டி லபக்கென்று பிடித்துக்கொண்டார்.

"பொறுடா! நல்ல காரியத்துக்கு இலையை எப்படி மூடுவாக?"

"நம்மள நோக்கி."

"எழவு வீட்டுல?"

"எதிர்ப்பக்கம் பாத்து."

"இந்த உறை எந்தப் பக்கம் மூடுது?"

பார்த்தார்கள். உறை நம்மை நோக்கியும் இல்லை, எதிர்ப்பக்கமும் இல்லை. இடமிருந்து வலமாகப் பக்கவாட்டில் மூடியது. நல்லதும் இல்லாமல் கெட்டதும் இல்லாமல் அப்படி ஒரு விசேஷத்தை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. பெண் பார்க்கும் விஷயத்தில் போய் இப்படியா?

கடைசியில் பிச்சைமணிதான் போனைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தான். அய்யாக்கண்ணு எதிரே உட்கார்ந்து தன்னை நோக்கி மூடினார். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மூடிய உறைக்குள்ளிருந்து 'டிங்' என்றது.

"இலையை மூடுன பிறகும் வந்து கேக்குற ஆளை நான் இப்பத்தான்டா பாக்குறேன். நம்ம கோஷ்டியில சேத்துக்கிறலாம்" என்றார் உத்தண்டி.

திறந்து பார்த்தால் இந்தத் தடவை வேறு சேதி. "இணைய இணைப்பு பலவீனமாக உள்ளது. வேறு இடத்துக்குச் சென்று மீண்டும் முயற்சிக்கவும்."

இதில் விவாதத்துக்கே இடமில்லை. போனை அப்படியே வைத்துவிட்டு நான்கு பேரும் எழுந்து பிள்ளையார் கோயில் தெருவுக்குப் போனார்கள். அங்கே போய் நின்ற பிறகுதான் எதை முயற்சிப்பது என்ற கேள்வி வந்தது. கோட்டைச்சாமி அங்கே கிடந்த இளவட்டக் கல்லைத் தூக்க முயற்சித்தான். பிச்சைமணி சீழ்க்கை அடித்துப் பார்த்தான். அய்யாக்கண்ணு ஒன்றும் தோன்றாமல், மரகதத்திடம் பேச வேண்டிய முதல் வார்த்தையை முயற்சித்தார். வாய் 'ம்' என்பதைத் தாண்டவில்லை.

திரும்பி வந்தபோது போனில் புதுச் சேதி காத்திருந்தது. "உங்களுக்குத் தெரியாமல் சில செயலிகள் டேட்டாவைப் பயன்படுத்துகின்றன. டேட்டா முக்கால்வாசி தீர்ந்துவிட்டது."

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த திருட்டு. முதல் பந்தி போடுவதற்கு முன்னாலேயே சமையல்கட்டுப் பக்கம் புகுந்து வடையை எடுத்துத் தின்கிற கூட்டம் எந்தக் கல்யாணத்தில்தான் இல்லை?

"ஆள் இல்லாம விட்டுட்டுப் போனோம் பாரு, அந்தக் கேப்புல புகுந்துட்டானுக" என்று தலையில் அடித்துக்கொண்டார் உத்தண்டி. போனைச் சாம்பார் வாளியில் இறக்கி, மூடி போட்டு, மூடி மேல் கோட்டைச்சாமியை உட்காரவைத்தார். வாளிக்குள்ளிருந்து 'டிங்' வந்தபோதெல்லாம் அவன், "யார்ரா அது?" என்று அதட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியைத் திறந்தார்கள். "டேட்டா தீரும் நிலையில் உள்ளது."

அய்யாக்கண்ணு போனையே பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த ஒரே வரன். பெண் வருகிற நேரத்தில் சாம்பார் தீர்ந்துபோனது போல ஆகிவிடுமோ? அவர் கண் கலங்குவதைப் பார்த்து உத்தண்டி தன் பட்டன் போனில் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"இருக்குற நெட்டை வச்சு எப்படித் தம்பி சமாளிக்கிறது?"

கடைக்காரர் வியாபார அவசரத்தில் இருந்தார். "ஆடுற படம்தான் நெட்டை ரொம்பத் திங்கும். அசையாத போட்டோன்னா ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உத்தண்டி முகத்தில் வெளிச்சம் வந்தது. "அய்யாக்கண்ணு, கேட்டியா? நீ போட்டோவா இருந்துட்டா நெட்டு மிச்சம்."

"பேசலாமாண்ணே?"

"வாய் அசையுமேடா."

"மூச்சு?"

"அளவா விடு."

சுவர்க் காலண்டருக்குக் கீழே நாற்காலி போட்டு அய்யாக்கண்ணுவை உட்காரவைத்தார்கள். நெற்றியில் விபூதி, தோளில் புதுத் துண்டு. பிச்சைமணி எதிரே நின்று போனைப் பிடித்துக்கொண்டான். மணி அடித்தது. பச்சையைத் தொட்டார்கள்.

திரையில் ஒரு பெண் வந்தாள். கனகாம்பரம் வைத்திருந்தாள். பின்னால் மீசையோடு அண்ணன். அய்யாக்கண்ணு பார்த்தார். பார்த்தது பார்த்தபடி இருந்தார்.

"வணக்கம் மாப்ள" என்றார் சௌந்தரபாண்டி. "ஹலோ? மாப்ள? கேக்குதா?"

"அண்ணே, படம் அப்படியே நின்னுபோச்சு. அங்கிட்டு நெட்டு சரியில்லை போல" என்றாள் மரகதம்.

"சனியன் புடிச்ச நெட்டு. கொஞ்சம் இருந்து பாப்போம்."

பெண் திரைக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில், அண்ணனிடம் மெதுவாகச் சொன்னாள். "ஆளு நல்லாத்தான்ணே இருக்காரு. ஒரு தோளு இறங்கி இருக்கு பாருங்க. உழைச்ச தோளு. எனக்கும் மிசின்ல குனிஞ்சு குனிஞ்சு இப்படித்தான ஆகிப்போச்சு. எனக்குப் புடிச்சிருக்குண்ணே."

அய்யாக்கண்ணுவின் வாழ்க்கையில் அவர் தோளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. ஆடினால் நெட்டு போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டோவாகவே இருந்தார். கண்ணீர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மளமளவென்று கன்னத்தில் இறங்கியது.

"அண்ணே! போட்டோவுல தண்ணி வருதுண்ணே!" என்று மரகதம் அலறினாள்.

"போனுக்குள்ள தண்ணி போயிருச்சா? தொடை, தொடை!"

மரகதம் முந்தானையை எடுத்துத் தன் போனின் திரையை அழுத்தித் துடைத்தாள். இந்தப் பக்கம் கோட்டைச்சாமி, கண்ணீர் ஓடினால் எவ்வளவு நெட்டு ஆகுமோ என்று பதறி, தோள் துண்டால் அய்யாக்கண்ணுவின் முகத்தைத் துடைத்துவிட்டு நகர்ந்தான். முந்தானையை எடுத்த மரகதத்துக்குத் துடைத்த முகம் பளிச்சென்று தெரிந்தது.

"தொடைச்சதும் போயிருச்சுண்ணே!"

"ஒன் கைராசி அப்படித் தாயி" என்று பூரித்துப்போனார் சௌந்தரபாண்டி. பிறகு மீசையைத் தடவிக்கொண்டு திரையைப் பார்த்தார். "மாப்ள, படம் இப்ப வந்துருச்சு. பேச்சுத்தான் வரலை. பரவாயில்லை. எங்களுக்குச் சம்மதம். உங்களுக்கும் சம்மதம்னா தலையை மட்டும் ஆட்டுங்க. ஆட்டலைன்னா இஷ்டமில்லைன்னு எடுத்துக்கிட்டுத் தேனிக்காரங்களுக்குச் சொல்லிருவோம்."

அந்த நேரம் பார்த்து 'டிங்' என்றது. திரையின் நெற்றியில் எழுத்து வந்தது. "டேட்டா இன்னும் சிறிதளவே உள்ளது."

அய்யாக்கண்ணுவின் கண் மட்டும் உத்தண்டியைத் தேடிக் கெஞ்சியது. உத்தண்டியும் கோட்டைச்சாமியும் வாசல்பக்கம் ஒதுங்கிக் கிசுகிசுத்தார்கள்.

"ஒரே ஒரு ஆட்டுத்தானண்ணே, ஆட்டச் சொல்லுங்க."

"ஒரு ஆட்டுல கல்யாணம் முடிவாகுமாடா? மேல கீழன்னு நல்லாப் பலமா ஆட்டணும். அம்புட்டு நெட்டுக்கு எங்க போறது?"

"ஆட்டலைன்னா பொண்ணு போயிருமே!"

"ஆட்டவும் வேணும். அவன் அசையவும் கூடாது." உத்தண்டி பாயசத்துக்கு நிற்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு திறந்தார். விறுவிறுவென்று உள்ளே வந்து பிச்சைமணியின் காதில் சொன்னார். "அவன் கெடக்கட்டும். நீ போனை ஆட்டு."

பிச்சைமணி போனை இறுக்கிப் பிடித்து, மேலும் கீழும், மேலும் கீழும், தன் பலம் கொண்ட மட்டும் ஆட்டினான். அய்யாக்கண்ணு கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

திருப்பூரில் மரகதம் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணே, அவரு மட்டுமில்லண்ணே! நாற்காலி, செவுரு, வீடு, எல்லாமே சேந்து தலையை ஆட்டுது!"

"காலண்டரைப் பாரு தாயி. அதுல இருக்குற முருகனே ஆட்டுறாரு. இதுக்கு மேல நாம என்னத்த யோசிக்கிறது? பதில் மரியாதை செய்யி" என்றார் சௌந்தரபாண்டி.

மரகதம் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டு, முறை தெரிந்த பெண்ணாக, தன் போனை இரண்டு கையாலும் எடுத்து மேலும் கீழும் ஆட்டினாள்.