உருண்டு வந்த குண்டு

ஆற்றங்கரையில் ஒரே ஒரு பீரங்கி. அதன் பின்னால் ஊர்ச் சனம் பரிசலேறி அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. பாதிப் பேர் இன்னும் இக்கரையில்தான். வீரபாகுவின் மகளும் அவர்களில் இருந்தாள், கைக்குழந்தையோடு.

பீரங்கி ஆசான் சவரிமுத்து. வீரபாகு அவரைவிடப் பத்து வயது மூத்தவர். குதிரைப்படையில் இருந்து, குதிரை செத்துப்போனதால் போன மாதம் அவரிடம் சீடராக வந்தவர். குதிரைக்காரரின் அவசரம் மட்டும் அவரிடம் சாகவில்லை.

எதிரிப் படை வயலில் இறங்கியதுமே வீரபாகு திரியை வைத்துவிட்டார். குண்டு சேற்றில் போய்ப் புதைந்தது. ஒரு நாரைகூடச் சாகவில்லை.

"மூணு இருந்துது. இப்போ ரெண்டு," என்றார் சவரிமுத்து.

"கிட்ட வந்துட்டானுவளே, ஆசானே!"

"வரட்டும். சேறு குண்டை முழுங்கிரும். கட்டாந்தரை தூக்கி எறியும். பொறும் அண்ணாச்சி."

படை வயலேறிக் கட்டாந்தரைக்கு வந்தது. சவரிமுத்து பீரங்கி வாயைத் தாழ்த்தினார்.

"தரையைப் பாத்தா சுடுதீரு?"

"ஆமா."

குண்டு படைக்கு முன்னால் விழுந்து, எழும்பி, முழங்கால் உயரத்தில் வரிசை வரிசையாகப் புகுந்து போனது. வீரபாகு கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததும் அப்படியே. படை வயலுக்குள் பின்வாங்கியது.

"குண்டு தீந்துட்டு, ஆசானே."

"அவன்ட்ட இருக்குல்லா?"

எதிரி தன் பீரங்கியால் சுட்டான். குண்டு மூன்று முறை துள்ளி, வேகம் குறைந்து, தேங்காய் போல உருண்டு வந்தது. வீரபாகு அதை நிறுத்த ஓடிப்போய்க் காலை நீட்டினார். சவரிமுத்து அவர் கச்சையைப் பிடித்து இழுத்தார். குண்டு அவர்களைத் தாண்டிப் போய், வெடிமருந்து வண்டியின் சக்கரத்தை உடைத்துவிட்டு நின்றது.

"மெதுவாத்தானே வந்துது?"

சவரிமுத்து தன் மரக்காலைத் தட்டினார். சொந்தக் கால் எப்படிப் போனதென்று வீரபாகு இதுவரை கேட்டதில்லை.

"அன்னைக்கும் மெதுவாத்தான் வந்துது. நின்னுட்டுல்லா, இப்போ எடும்."

குண்டு அளவில் கொஞ்சம் சிறியது. துணி சுற்றித் திணித்தார்கள். பீரங்கி ஓய்ந்துவிட்டதென்று எண்ணிப் படை மறுபடி கிளம்பியது. கரையில், "அப்பா!" என்று மகள் கூப்பிட்டாள். வீரபாகுவின் கையில் திரி எரிந்தது.

"என்ன அண்ணாச்சி, வைக்கலியா?"

"இன்னும் சேத்துலதான் வாரானுவ, ஆசானே."

சவரிமுத்து ஆற்றுப் பக்கம் திரும்பினார்.

"அப்போ உம்ம மவ ஏறிட்டாளான்னு நான் பாக்கேன். நீரு முன்னால பாரும்."